ஒரு திருகாணியும் ஓர் ஒப்பந்தமும்

 

மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஓர் உஸ்தாதுக்கும், மடிக்கணினியின் அடிமூடியைத் திறக்கும் வேலைக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வியக்கக்கூடும். அந்த வேலையை நான் நன்கறிந்தவன் அல்லன். ஆனால் அந்த அடிமூடிக்குள் வாய்மையும் வாக்குறுதியும் அமானிதமும் அடங்கியிருந்ததை என் வீட்டு நிகழ்ச்சி ஒன்று எனக்குக் காட்டியது. இன்று கணினி இல்லாத கல்லூரிப் பிள்ளை அரிது. ஆகவே என் அனுபவம் உங்கள் இல்லத்திற்கும் பயன்படும் என்னும் எண்ணத்தில் இதனை எழுதுகிறேன்.

2021-ஆம் ஆண்டு. கொரோனாவினால் பள்ளிகள் மூடிக்கிடந்தன. திருமழபாடியில், கொள்ளிடக் கரையை ஒட்டிய எங்கள் வீட்டில், என் மகள் என்னுடைய கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்துப் பாடம் கேட்டாள். எழுத்துகள் எறும்புகளைப் போல் தெரிந்தன. மனம் பொறுக்காமல், கட்டி வந்த சீட்டை எடுத்து, ஏறத்தாழ 38,000 ரூபாய்க்கு ஒரு மடிக்கணினி வாங்கினேன். மேலும் 4,000 ரூபாய் கட்டி, ஓராண்டு வாரண்டியை மூன்றாண்டாக நீட்டித்துக் கொண்டேன். மாதச் சம்பளத்தில் வாழும் எனக்கு அந்தப் பொருள் பழுதானால் மற்றொன்று வாங்க வழியில்லை. அந்த வாரண்டித் தாள்தான் எனக்கு அரண்.

அடுத்த ஆண்டு மகள் தஞ்சையில் கணினிப் பட்டப்படிப்பில் சேர்ந்தாள். அதற்குள் கணினி நடை தளர்ந்துவிட்டது. பொத்தானை அழுத்திவிட்டு அவள் ஒளு செய்துவிட்டு வருவாள். அப்போதும் திரை விழித்திருக்காது.

காரணத்தைப் பின்னர் அவளே எனக்கு விளக்கினாள். கணினிக்குள் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று ரேம் எனப்படும் நினைவகம். அது எழுதும் மேசையைப் போன்றது. வேலை நடக்கும்போது தாள்கள் விரிந்து கிடக்கும் இடம். மற்றொன்று சேமிப்பகம். அது நூல்களை அடுக்கி வைத்திருக்கும் அலமாரி. எங்கள் கணினியின் மேசை 4 ஜிபி அளவே இருந்தது. மேசை சிறியதென்றால், ஒவ்வொரு தாளுக்கும் எழுந்து அலமாரிக்குப் போக வேண்டும். எங்கள் அலமாரியோ நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும் தட்டைக் கொண்ட பழைய வகை ஹார்டு டிஸ்க். வேண்டியதை எடுக்க உள்ளே ஒரு சிறு கை அங்குமிங்கும் நகர வேண்டும். ஒரு நொடிக்கு 100 மெகாபைட்டை ஒட்டியே அது தரும். அசையும் உறுப்பே இல்லாத எஸ்.எஸ்.டி. வகைகளோ, சாட்டா இணைப்பில் நொடிக்கு 500-க்கு மேலும், என்விஎம்இ இணைப்பில் 3,000-க்கு மேலும் தரவல்லவை. ஆகவே மேசையைப் பெரிதாக்கி அலமாரியை மாற்றினால் கணினி புத்துயிர் பெறும். செலவு ஏறத்தாழ 6,000 ரூபாய்.

ஆனால் வாரண்டி என்னவாகும்?

இரு கடைகள், இரு பதில்கள்

முதற்கடைக்காரர் சொன்னார்: "பாய், மூடியைத் திறந்தாலே வாரண்டி போய்விடும். மூன்று வருடம் முடியட்டும். அப்புறம் கொண்டு வாருங்கள்." மூன்றாண்டு முடியும்போது மகளின் படிப்பும் ஏறத்தாழ முடிந்திருக்கும்! பசித்தவனுக்குப் பந்தி கலைந்தபின் இலை போட்டு என்ன பயன்?

இரண்டாம் கடைக்காரர் சிரித்தார். "இதற்கா கவலைப்படுகிறீர்கள்? திருகாணி மேல் ஸ்டிக்கர் இருந்தால் சூடு காட்டி எடுத்து, வேலை முடிந்ததும் மறுபடி ஒட்டிவிடுகிறேன். கம்பெனிக்காரனின் அப்பனுக்கும் தெரியாது."

ஒருவர் அச்சத்தைத் தந்தார். மற்றவர் ஏமாற்றும் வழியைத் தந்தார். இருவரில் எவரும், "வாரண்டித் தாளில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்கவில்லை. அவர்களைச் சொல்வானேன்? 4,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்த நானே அதைப் படித்திருக்கவில்லை!

பேருந்தில் வீடு திரும்பும்போது, பிள்ளைகளுக்கு நான் பலமுறை சொல்லிக்கொடுத்த ஒரு நிகழ்ச்சி நெஞ்சில் உறுத்தியது. மதீனாவின் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நுழைத்தார்கள். மேலே உலர்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாக இருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுவதை மிகக் கடுமையாகக் கண்டித்தார்கள் பெருமானார் (ஸல்). ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது. இதனை விற்பவருக்குரிய பாடமாகவே நான் நடத்தி வந்தேன். சூடு காட்டி மறுபடி ஒட்டிய ஸ்டிக்கரும் ஈரத்தை மறைத்த உலர் தானியந்தானே என்பது அன்றுதான் உறைத்தது. வாங்குபவனுக்கும் அதே சட்டம்.

தாளில் இருந்தது என்ன?

அன்றிரவு இஷாவுக்குப் பின் நானும் மகளும் அந்தத் தாளை விரித்து உட்கார்ந்தோம். பொடி எழுத்து ஆங்கிலம். என் கலைப் பட்டப் படிப்பு அன்று கைகொடுத்தது. 'மூடியைத் திறந்தால் வாரண்டி ரத்து' என்று அதில் எங்கும் இல்லை! இருந்தவை மூன்று செய்திகள். நிறுவனம் விற்ற உறுப்புகளில் தானாக ஏற்படும் குறைக்கே பொறுப்பு. வாடிக்கையாளரோ அங்கீகாரமில்லாத பிறரோ கையாண்டதனால் ஏற்பட்ட சேதத்திற்குப் பொறுப்பில்லை. பிற்பாடு சேர்த்த உறுப்புகளுக்கும் பொறுப்பில்லை.

நியாயமான சொற்களாகவே பட்டன. நம் ஃபிக்ஹு நூல்களில் 'கியாருல் ஐப்' என்றொரு பகுதி உண்டு. விற்கும்போதே மறைந்திருந்த குறை பின்னர் தெரியவந்தால், பொருளைத் திருப்பும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பது அதன் சாரம். ஆனால் வாங்கியவர் கையில் புதிய குறை ஒன்று ஏற்பட்டுவிட்டால், அப்படியே திருப்பித் தரும் உரிமை தடைப்பட்டு, ஈடு பற்றிய பேச்சு வந்துவிடும். யாரால் வந்த குறையோ அவரே அதற்குப் பொறுப்பு என்னும் அதே தராசுதான் இந்தத் தாளிலும் இருந்தது.

ஆனாலும் என் புரிதலை மட்டும் நம்பவில்லை. மறுநாள் நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்து, மாதிரி எண்ணைக் கூறிக் கேட்டேன். "ரேமும் சேமிப்பகமும் வாடிக்கையாளரே மாற்றிக்கொள்ளக்கூடியவை; மாற்றும்போது ஏதேனும் உடைந்தால் அது உங்கள் பொறுப்பு; பழுதுக்கு அனுப்பும்போது நீங்கள் சேர்த்தவற்றைக் கழற்றிவிட்டு அனுப்புங்கள்" என்றனர். வாய்ச்சொல் போதாது, மின்னஞ்சலில் எழுதித் தாருங்கள் என்று கேட்டுப் பெற்றேன். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வதாகும். அதனை ஓதத் தெரிந்த நாம் எழுதி வாங்கச் சோம்புவது முறையா?

எல்லா நிறுவனமும் எல்லா மாதிரியும் ஒன்றல்ல என்பதை நினைவிற்கொள்க. ஆப்பிள் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட ரெட்டினா திரை மேக்புக் புரோவில் ரேமைப் பலகையிலேயே பற்றவைத்துவிட்டது. 2020-இல் வந்த எம்1 வகையில் அது மையச் சில்லின் கூட்டிற்குள்ளேயே போய்விட்டது. மெல்லிய கணினிகள் பல இன்று இப்படியே வருகின்றன. அவற்றில் பின்னர் கூட்ட முடியாது. வாங்கும்போதே போதிய அளவு பார்த்து வாங்க வேண்டும். மறுபுறம் லெனோவோ, டெல், எச்பி முதலிய நிறுவனங்கள் தம் மாதிரிகளைத் திறந்து பொருத்தும் முறைக் கையேடுகளை எவரும் காணும்படி வெளியிடுகின்றன. உங்கள் மாதிரிக்குரிய கையேட்டில் ரேமை மாற்றும் முறை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மேசை மேல் ஒரு வெள்ளிக்கிழமை

ஜும்ஆ முடிந்து வந்தபின் மகளே அந்த வேலையைச் செய்தாள். நான் விளக்குப் பிடித்தேன். அவள் செய்த முறையை அப்படியே சொல்கிறேன்.

முதலில், உள்ளே இருந்தவை அனைத்தையும் வேறோர் இடத்தில் படியெடுத்து வைத்தாள். விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு இயங்குகிறதா என்று பார்த்தாள். அது இயங்கும் கணினியாயின் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் உறுப்பு மாறியபின் நம் கணினியே நம்மை உள்ளே விடாமற் போகலாம்.

அடுத்து, சரியான உறுப்பு. மடிக்கணினி ரேமில் டிடிஆர்3-க்கு 204 முனைகள், டிடிஆர்4-க்கு 260, டிடிஆர்5-க்கு 262. வெட்டுப்பள்ளமும் மின்னழுத்தமும் வேறு வேறு. ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. எங்கள் கணினியில் 4 ஜிபி பற்றவைக்கப்பட்டிருந்தது. ஒரு சொருகுமிடம் காலி. அதற்கு 8 ஜிபி டிடிஆர்4 வாங்கினோம். சேமிப்பகத்திற்கு, 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட எம்.2 வகை எஸ்.எஸ்.டி. ஒன்று. பழைய ஹார்டு டிஸ்க் இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டு உறுப்புகளுக்கும் ரசீது வாங்கி வைத்தோம். அவற்றிற்கு அவற்றைச் செய்த நிறுவனங்களின் வாரண்டி தனியே உண்டு.

எங்கள் பகுதி நீங்கள் அறிந்ததே. அரியலூர்ச் சிமெண்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் லாரிகளும் கிளப்பும் புழுதி எங்கும் படியும். ஆகவே மேசையை ஈரத்துணியால் துடைத்து, நன்கு உலரவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் அவள் தொடங்கினாள். கணினியை முழுவதும் அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, திறந்தவுடன் உள்ளிருக்கும் பேட்டரியின் இணைப்பையும் விடுவித்தாள். உடலில் சேரும் நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுத்துவிடும் என்பதனால் உலோகப் பொருளொன்றைத் தொட்டுவிட்டே உறுப்புகளை எடுத்தாள். ஒவ்வொரு கட்டத்தையும் கைப்பேசியில் படமெடுத்தாள். திருகாணிகளைக் கழற்றிய வரிசைப்படியே தாளில் ஒட்டிவைத்தாள்.

மூடியை நெம்பும்போது 'டிக்' என்று ஓர் ஓசை. ஓரத்திலிருந்த சிறு பிளாஸ்டிக் கொக்கி உடைந்திருந்தது. திரும்ப மூடியபோது எல்லாம் சரியாகவே பொருந்தியது. "பரவாயில்லை அத்தா" என்றாள். நானும் மறந்துவிட்டேன்.

கணினி கால் நிமிடத்திற்குள் விழித்துக்கொண்டது. அல்ஹம்துலில்லாஹ்! அவள் முகத்தில் கண்ட மகிழ்ச்சிக்கு 6,000 ரூபாய் சிறிய விலை.

சேவை மையத்தில்

2023 நவம்பர், மழைக்காலம். ஒருநாள் திரையின் பாதி இருண்டுவிட்டது. தேர்வுக்கோ மூன்று வாரம். வாரண்டி இன்னும் எட்டு மாதம் மீதியிருந்தது. நிறுவனம் சொன்னபடியே நாங்கள் சேர்த்த ரேமையும் எஸ்.எஸ்.டி.யையும் கழற்றி வீட்டில் வைத்தோம். குடும்பப் படங்கள் அதில்தான் இருந்தன. வீட்டுப் பெண்களின் படங்கள் பிறர் கைக்குப் போகவில்லை என்பதில் என் மனைவிக்கு நிம்மதி. வாசகர்களே, இதுவும் ஓர் அமானிதமே. பழுதுக்குக் கொடுக்குமுன் சொந்தப் படங்களை எடுத்துவிடுங்கள்.

திருச்சியிலுள்ள சேவை மையத்திற்குச் சென்றோம். பொறியாளர் இளைஞர், மரியாதையாகப் பேசினார். அடிமூடியைத் திறந்ததும் அவர் கண் அந்த உடைந்த கொக்கியில் விழுந்தது. திரையின் கீல் இருக்கும் பக்கத்தில்தான் அது இருந்தது.

"ஐயா, இது எப்படி உடைந்தது? வாங்கும்போதே இப்படித்தான் இருந்ததா?"

வாசகர்களே, உள்ளதை ஒளிக்காமல் சொல்கிறேன். அந்தக் கேள்வியிலேயே ஒரு வாசல் திறந்திருந்தது. 'ஆமாம்' என்ற ஒரு சொல் போதும். புதிய திரைக்கு 7,000 ரூபாய் ஆகும் என்று முன்பே விசாரித்திருந்தேன். என் மாதச் சம்பளத்தில் பாதிக்கும் மேல். 'நாங்கள் உடைக்கவில்லையே, தானாக உடைந்ததுதானே' என்று உள்ளம் ஒரு வழக்கறிஞரைப் போல் வாதாடத் தொடங்கிவிட்டது. ஈரத் தானியத்தின் கதையைப் பல ஆண்டு நடத்திய உஸ்தாதின் நா அசையவில்லை. பொய்யும் சொல்லவில்லை, மெய்யும் சொல்லவில்லை.

அப்போது என் மகள் சொன்னாள்: "இல்லை சார். போன வருடம் ரேம் போடும்போது என் கையால் உடைந்தது. அன்றைக்கு எடுத்த படம் இருக்கிறது."

நான் தலைகுனிந்தேன். வெட்கத்தினால் பாதி, பெருமையினால் பாதி.

பொறியாளர் தயங்கினார். "அப்படியானால் வாடிக்கையாளரால் ஏற்பட்ட சேதம் என்று எழுத வேண்டியிருக்கும். மேலிடத்தில் மறுத்துவிடலாம்" என்றார். "உள்ளதை எழுதுங்கள். ஆனால் இந்தக் கொக்கியினால்தான் திரை கெட்டதா என்பதையும் பார்த்து எழுதுங்கள்" என்று, அப்போதுதான் வாய் திறந்து, மின்னஞ்சலையும் படங்களையும் காட்டினேன்.

எட்டு நாட்கள் கழித்து விடை வந்தது. திரையின் குறை திரையினுடையதே. கொக்கிக்கும் அதற்கும் தொடர்பில்லை. திரை இலவசமாக மாற்றப்பட்டது. அடிமூடிக்கு மட்டும் 1,900 ரூபாய் கேட்டார்கள். கொடுத்தோம். அவர்கள் பங்கை அவர்கள் தீர்த்தார்கள். எங்கள் பங்கை நாங்கள் தீர்த்தோம். ஒப்பந்தம் என்பது இதுதானே! மாயிதா அத்தியாயம் தன் முதல் வசனத்திலேயே ஒப்பந்தங்களை நிறைவேற்றப் பணிக்கிறது. அது இரு தரப்புக்கும் உரிய கட்டளை அல்லவா?

விடை வேறாக வந்திருந்தால்? 7,000 ரூபாய் போயிருக்கும்; வருந்தியிருப்பேன். ஆனால் மகள் சொன்ன சொல் அப்போதும் சரியான சொல்லாகவே இருந்திருக்கும்.

உரிமையையும் அறிவோம்

உண்மை சொல்பவர் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டின் மக்னூசன்-மாஸ் சட்டம், தன் உறுப்பை இலவசமாகத் தராமல், அதையே போட்டால்தான் வாரண்டி என்று ஒரு நிறுவனம் நிபந்தனை விதிப்பதைப் பொதுவாகத் தடுக்கிறது. 'ஸ்டிக்கரைக் கிழித்தால் வாரண்டி இல்லை' என்று அச்சுறுத்திய நிறுவனங்களை அந்நாட்டு வணிக ஆணையம் 2018-இலும் 2024-இலும் எச்சரித்துக் கடிதம் அனுப்பியது.

நம் நாட்டில் அதுபோன்ற தனிச் சட்டம் இல்லை. எனினும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சேவைக் குறைபாட்டிற்கும் நேர்மையற்ற வணிக முறைக்கும் எதிராக நமக்கு வழி வகுத்துள்ளது. பழுது நீக்கும் உரிமை பற்றி ஆராய மத்திய அரசு 2022 ஜூலையில் குழு அமைத்தது. அவ்வாண்டு டிசம்பர் 24 அன்று அதற்கென இணையதளமும் தொடங்கியது. தகுந்த காரணமின்றி வாரண்டி மறுக்கப்பட்டால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்கும் தீரவில்லையெனில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே முறையீட்டுக் கட்டணம் கிடையாது.

நம் வீடுகளில் இன்னொரு வகைக் கணினியும் உண்டு. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் நம் பிள்ளைகள் பெற்றவை. அக்காலத்துக் கணினிகளின் வாரண்டி என்றோ முடிந்துவிட்டது. பரணில் தூங்கும் அதற்கு ஓர் எஸ்.எஸ்.டி. பொருத்தினால், சிறு பிள்ளைகளுக்கு எழுதவும் படிக்கவும் உதவும். புதிதாக அரசு தரும் கணினியாயின், உடன் வரும் தாளைப் படித்து, உரியவரைக் கேட்டபின்பே திருப்புளியை எடுங்கள்.

என் மகள் பட்டம் பெற்றுவிட்டாள். அந்தக் கணினி இன்றும் உழைக்கிறது. வாரண்டி 2024-இலேயே முடிந்துவிட்டது. ஈரத் தானியத்தின் பாடத்தை இப்போதும் நடத்துகிறேன். ஆனால் முன்போல் விற்பவரோடு நிறுத்திக்கொள்வதில்லை, வாங்குபவரிடமும் வருகிறேன். அங்கே வரும்போது, திருச்சியில் அசைய மறுத்த என் நாவை நினைத்துக்கொள்கிறேன்.

வணிகத்திலும் வாக்கிலும் வாய்மையோடு நிற்கும் உள்ளத்தையும், அந்த உள்ளத்தை நமக்கு நினைவூட்டும் பிள்ளைகளையும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.